பாயின் சொம்பில் ஒரு காக்டெயில்

மலாக்கா பழைய நகரத்தில் நான் வேலை செய்யும் மதுக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் விடுமுறை. கீழே நாற்காலிகளெல்லாம் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். மாடியில் மட்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு, தவுக்கே படம் போடுவார். தவுக்கே என்றால் எங்கள் பக்கத்தில் கடை முதலாளி. எங்கள் தவுக்கே அறுபது தாண்டிய சீன அம்மாள். மரச்சன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அந்தப் படத்துக்கென்றே கலந்த ஒரு காக்டெயிலை எல்லாருக்கும் கொடுத்து உட்கார வைப்பார். படம் முடிந்ததும் சன்னல்களைத் திறந்துவிட்டுப் பேச வேண்டும். படம் எப்படி, பானம் அதற்குப் பொருந்தியதா என்று. கலப்பது என் பொறுப்பு.

இந்த வேலைக்கு நான் நேர்வழியில் வரவில்லை. பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அலோர் காஜா பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் வீடமைப்பு நிலமானபோது வீட்டில் எல்லாரும் குருபோங்குக்கு மாறினார்கள். நான் மணல் லாரியில் ஓட்டுநருக்குக் கைத்துணையாக ஏறிப் போய்விட்டேன். பிறகு கேமரன் மலையில் கோஸ் வெட்டினேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். தங்கா பத்து கடற்கரையில் மீன் படகில் கொஞ்ச காலம். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. ஒரு ஹோட்டலில் கிளாஸ் கழுவப் போன இடத்தில் கலக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் குடிப்பதில்லை. கப்பல் பட்டறையில் சோறு நேரத்துக்குக் கிடைக்காமல் வயிறு புண்ணாகிவிட்டது, அவ்வளவுதான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நான் கலந்ததைத் தவுக்கே ஒரு வாய் குடித்துப் பார்த்து, புளிப்பு தூக்கலாக இருக்கிறது, இனிப்பு போதவில்லை என்று சொல்வார். அதை வைத்துத் திருத்துவேன். மற்றவர் நாக்கை நம்பித்தான் என் தொழில் ஓடுகிறது.

எனக்கு ஒரே அக்கா. குருபோங்கில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வீடு, அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. அக்கா கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். நல்ல மனிதர். எங்கே போனாலும் வழியில் யாராவது கை காட்டினால் நிறுத்துவார். சாயந்திரமானால் ஒரு ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர். பிறகு இரண்டு. பிறகு சம்சு என்கிற மலிவுச் சாராயம். ஈரல் கெட்டுப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார்.

அக்கா அழவில்லை. ஈமச்சடங்குக்காகப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட மாமாவின் படத்தைக் கருமாதி முடிந்ததும் ஒரு பூப்போட்ட பாத்தேக் கைலியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். அதன்பிறகு அது இறங்கவில்லை. கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வருகிறவர்கள் ஆணியைப் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

என்னை வீட்டுக்குள் விடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். நான் மதுக்கடையிலிருந்து போனால் வாசல் குழாயில் கை கால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் படி ஏற வேண்டும். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி. அதற்காகவே ஒரு சட்டை வாசல் கொடியில் தொங்கும். துவைத்து, காய்ந்து, எனக்காக. அதனால் எனக்குக் கோபம் வந்ததில்லை.

ஓராண்டு திதி நெருங்கியது. எங்கள் வழக்கத்தில் அன்றைக்கு இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்போம். கறி, மீன், வடை, வெற்றிலை. சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. குடித்தவருக்குப் புட்டி. நல்லதோ கெட்டதோ, வாய்க்குப் பிடித்ததை வைத்துவிட வேண்டும், மனக்குறையோடு அனுப்பக்கூடாது என்று கணக்கு. மாமாவின் அக்கா ஜாசினில் இருக்கிறார். அவர் போனில் கூப்பிட்டு, ஸ்டவுட் வாங்கி வைத்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்குள் புட்டி வராது என்று அக்கா சொன்னார். என் தம்பி வாய் நனையாமல் போகக்கூடாது, புட்டி இல்லாத படையலுக்கு நான் வரமாட்டேன் என்றார் அவர். அப்படியானால் படையலே வேண்டாம் என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

எனக்குத்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வந்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாமா பக்கத்து உறவும் அறுந்துவிட்டால், அந்தக் கைலி மூட்டை அலமாரி மேலேயே கிடக்கும், அக்கா அதன் கீழே உட்கார்ந்திருப்பார். எனக்கு அதுதான் பயம். நான் ஓர் இடத்தில் தங்குகிறவன் இல்லை. நாளைக்கே ஏதாவது லாரியில் ஏறிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

அந்த மாதப் படத்தைத் தவுக்கே எனக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டினார். எந்த நாட்டுப் படம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கீழே ஆங்கில எழுத்து ஓடியது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சமைக்கும் ஒரு பெண்ணின் கதை. காய்ச்சலில் விழுந்து எழுந்தவளுக்கு மணமும் ருசியும் போய்விடுகின்றன. யாரிடமும் சொல்லாமல் பழக்கத்தில் சமைக்கிறாள். ஒரு நாள் உப்பை இரண்டு தடவை போட்டுவிடுகிறாள். வேலை போகிறது. தெருவோரம் ஓர் அடுப்பு போடுகிறாள். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று, கரண்டியில் வாங்கி ருசி பார்த்து, கையால் சைகை காட்டுகிறார்கள். இன்னும் கொஞ்சம், போதும் என்று. படம் முடிகிற வரைக்கும் அவள் நாக்கு திரும்பி வருவதில்லை. கடைசியில் ஒரு மிளகாயைக் கடிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் நிற்பவன் எரிகிறதா என்று கேட்கிறான். எரிகிறது என்று தலையாட்டிச் சிரிக்கிறாள்.

வாழ்க்கைமேல் நம்பிக்கை தரும் படங்கள் என்று சொல்லப்படுகிறவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கஷ்டப்படுகிறவர்கள் மழையில் கையை விரித்துக்கொண்டு நனைவார்கள். நான் பழகிய இடங்களில் மழை பெய்தால் ஒதுங்குவார்கள். காய்ச்சல் வந்தால் சம்பளம் போய்விடும். இந்தப் படத்தில் அப்படி யாரும் நனையவில்லை. அந்தப் பெண் மழை வந்ததும் அடுப்பைத்தான் முதலில் மூடினாள். அந்த இடத்திலேயே படம் எனக்குப் பிடித்துவிட்டது.

பானம்தான் பிடிபடவில்லை. முதலில் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம், தேங்காய்ப்பால், ரம் என்று ஒன்று கலந்தேன். தவுக்கே குடித்துவிட்டு, ருசியாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெண் குடித்தால் அவளுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டார். நான் யோசித்தேன். நாக்கு செத்தாலும் எரிச்சல் தெரியும். குளிர் தெரியும். சோடா குத்துவது தெரியும். படத்திலேயே அதுதானே வருகிறது. பிறகு மடமடவென்று வந்துவிட்டது. இஞ்சியை நசுக்கிச் சாறு பிழிந்தேன். சின்ன மிளகாயைக் கீறிப் போட்டு எடுத்தேன். எலுமிச்சை, கொஞ்சம் குலா மலாக்கா, ரம். நிறைய ஐஸ், மேலே சோடா. தவுக்கே ஒரு வாய் குடித்து இருமினார். இதுதான் என்றார்.

கூடவே ரம் இல்லாமல் இன்னொன்றும் கலப்பேன். அது பாய்க்கு. பக்கத்துக் கட்டடத்தில் துணிக்கடை வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்ட பெரியவர். தமிழ் முஸ்லிம். படம் என்றால் உயிர். கீழ்க்கடைக்குள் கால் வைக்கமாட்டார், தன் கடை மாடியிலிருந்து பொதுப் படிக்கட்டு வழியாக வருவார். எங்கள் கிளாஸ்களில் மது புழங்குகிறது என்பதால் தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பும் இரண்டு எவர்சில்வர் தம்ளர்களும் துணிப்பையில் கொண்டுவந்து தருவார். அவருக்கு வேண்டியதை அவர் கண் முன்னால் அவர் சொம்பிலேயே கலப்பேன். இரண்டாவது தம்ளர் எதற்கு என்று கேட்டதற்கு, பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டால் கொடுக்க வேண்டாமா என்றார். யாரும் கேட்டதில்லை.

படத்தன்று குருபோங்கில் தண்ணீர் வெட்டு. காலையிலேயே அக்கா அழுக்குத் துணி மூட்டையோடு தங்கா பத்துவில் என் வாடகை அறைக்கு வந்துவிட்டார். துவைத்து, கடற்காற்றில் காயப் போட்டார். என் பாத்திரங்களைத் திட்டிக்கொண்டே கழுவினார். ஒரு மணிக்கு நான் கிளம்பினேன். அந்த அறையில் தனியாக உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. கடைக்கு வரவும் பிடிக்கவில்லை. மாடியில் படம்தான், கீழே பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டேன். படிக்கட்டுவரை வந்து நின்று, “சமையக்காரி படம்னு சொன்னே, இல்லன்னா எறங்கிப் போயிடுவேன்,” என்றார்.

பாய் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அக்காவை அங்கே உட்காரவைத்தேன். அக்காவுக்கு ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. நான் சொல்லித் தருகிறேன் என்று பாய் தானாகவே சொன்னார். தவுக்கே ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு விளக்கை அணைத்தார். நான் தட்டில் கிளாஸ்களை எடுத்துப்போய்க் கொடுத்தேன். பாய்க்கு அவர் தம்ளரைக் கொடுத்தேன். இரண்டாவது தம்ளரில் அதே சொம்பிலிருந்து ஊற்றி அக்காவிடம் நீட்டினேன். அக்கா தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரியாது. பிறகு வாங்கிக்கொண்டார். தாகம் என்று நினைத்துக்கொண்டேன். குடிப் பேச்சையே அவர் வீட்டில் எடுக்கக்கூடாது என்று பழகிப்போனதால், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

படம் ஓடும்போது நான் பின்னால் சுவரோரம் நிற்பேன். பாய் அக்கா பக்கம் சாய்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உப்பை இரண்டு தடவை போடுகிற இடத்தில் அக்கா, “ஐயோ, போட்டாச்சுலா,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். முன்வரிசையில் சிரித்தார்கள். நடுவில் பார்த்தேன், அக்காவின் தம்ளர் காலியாக இருந்தது. பாய் சொம்பைச் சாய்த்து இன்னும் ஊற்றினார். அதையும் குடித்தார்.

படம் முடிந்தது. சன்னல்களைத் திறந்தேன். வெளியே நாலு மணி தாண்டிய வெயில் எல்லார் முகத்திலும் அடித்தது. பேச்சு தொடங்கியது. ஒருவர் இது நம்பிக்கையைப் பற்றிய படம் என்றார். இன்னொருவர், பானம் ரொம்பக் காரம், படம் சாதுவான படம், இரண்டும் ஒட்டவில்லை என்றார். வாதம் மலாயிலும் ஆங்கிலத்திலும் போய்க்கொண்டிருந்தது. ருசி கடைசியில் திரும்பி வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஓர் இளம்பெண் சொன்னாள்.

அப்போது அக்கா எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிச் சிவந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது. அக்கா நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசுகிறவர் இல்லை. கம்பெனிக் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் நிற்பவர். அன்றைக்கு மலாயில் தொடங்கித் தமிழுக்கு வந்துவிட்டார். பாய் அதை மலாயில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவளுக்கு ருசி திரும்பி வராதது நல்லதுதான் என்றார் அக்கா. வந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். எங்கே வருகிறது, யாருக்கு வந்தது. வராமலே அடுப்பைப் பற்றவைத்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. இப்படிச் சொல்லிவிட்டு உட்காரப் போனார். உட்காரவில்லை.

“எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப மீன் புளிக்கொழம்பு கேட்டாரு. செஞ்சு எடுத்துட்டுப் போனேன். ஒரு வாய் வச்சுட்டு உப்பே இல்லன்னாரு. நான் போட்டிருந்தேன். மறுநாளும் அதையே சொன்னாரு. எனக்குக் கோவம். குடிக்கிற வாய்க்கு எங்கேருந்து ருசி தெரியும்னு கேட்டேன். எரியுறது மட்டுந்தான்டி தெரியுதுன்னாரு. குடிக்கிறதுக்குச் சாக்கு சொல்றாருன்னு நெனச்சேன்.” பாய் மொழிபெயர்த்து முடிக்கும்வரை நின்றார். “நெசமாவே நாக்கு செத்துப் போயிருந்துச்சு போல. இந்தப் பொம்பளைக்கு மாதிரி. ஒருத்தரும் சொல்லல.”

பாய் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார். அக்கா துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்காக மன்னிச்சுட்டேன்னு இல்ல,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, “என்னடா இது, தலை சுத்துது. வாய் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. இந்த எழவத்தான் அந்த மனுசன் தெனம் குடிச்சாரா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய்தான் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“ஏம்மா, இதுல என்ன இருக்குன்னு நெனச்சீங்க?”

“சாராயந்தானே. இவன் வேற என்ன ஊத்துவான்?”

“அல்லாவே. இது என் சொம்பும்மா. நானும் இதத்தானே குடிச்சேன். நான் என்ன மலாக்கா பூரா பேர் கெட்டுப்போறதுக்கா இங்க வந்து உக்காந்திருக்கேன்? வெறும் இஞ்சித் தண்ணி. மொளகா போட்டிருக்கான் உங்க தம்பி, அவ்ளோதான்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சொம்பை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். இஞ்சித் தண்ணியில் போதை ஏறியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்றார். அதைத் தானே மலாயில் எல்லாருக்கும் சொன்னார். மொத்த மாடியும் சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் அழுதார். சத்தமில்லாமல், நிதானமாக, ஒரு வருட அழுகையை. தவுக்கே பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பானத்துக்கும் படத்துக்கும் பொருத்தம் இருந்ததா என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

திரும்பிப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து அக்கா காதருகே கத்திக் கேட்டார், சாராயம் என்று நினைத்தும் ஏன் குடித்தாய் என்று நீ ஏன் கேட்கவில்லை என்று. சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டேன்.

“அப்படி என்னதான்டா இருக்குன்னு பாத்துரலாம்னு தோணுச்சு. நானே அவருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன், பில்டரில்லாத சிகரெட்டோட சேத்து. ஒரு நாள் மோந்துகூடப் பாத்ததில்ல.” விளக்கு பச்சையானது. “பாத்தா ஒண்ணுமில்ல.”

அன்றைக்கும் குழாயில் கை கால் கழுவித்தான் வீட்டுக்குள் போனேன். தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை படையல் போடப் போவதாகவும், நான் இஞ்சியும் சோடாவும் வாங்கிக்கொண்டு, பாயின் சொம்பையும் தம்ளரையும் இரவல் கேட்டு எடுத்து வர வேண்டும் என்றும் சொன்னார். மற்றது வீட்டில் இருக்கிறதாம். ஜாசினுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், புட்டி இருக்காது, ஆனால் வாய் நனையும் என்று சொன்னேன், வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்றார்.

படையலன்று வீடு முழுக்க மீன் புளிக்குழம்பு மணத்தது. அக்கா தன் உரலில் இஞ்சி இடித்துக் கொடுத்தார். எவ்வளவு மிளகாய் என்று கேட்டேன். உனக்குத் தெரியாதா என்றார். எனக்குக் குடித்துப் பார்க்க வயிறு இடம் கொடுக்காதே என்றேன். அவரே ஒரு வாய் குடித்து, இன்னும் ஒன்று கீறு என்று விரலைக் காட்டினார். அந்தப் படத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் காட்டுகிற மாதிரி. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமாவின் அக்கா, ஜாசின்காரர், வந்தார். கார்க் கதவு சாத்தும் சத்தத்திலேயே அவர் மனநிலை தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைப்பை கனமாகத் தரையில் தட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இலை போட்டிருந்தது. குழம்பு, வடை, வறுத்த கோழி, வெற்றிலை, சிகரெட் எல்லாம் இருந்தன. புட்டி இருக்க வேண்டிய இடத்தில் எவர்சில்வர் தம்ளர். அதில் ஐஸ் மிதந்தது. அதன் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.

“இது என்ன, கல்யாண வீட்டு ஜூஸா?” என்றார் அவர். “என் தம்பி ஆயுசுல இஞ்சித் தண்ணி குடிச்சவன் இல்ல.”

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பழைய அக்காவாக இருந்தால் இலையை மடித்திருப்பார்.

“அண்ணி, கடைசியில அவருக்கு எரியுறது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. எங்கிட்ட சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல. இது எரியும். குடிச்சுப் பாருங்க, அவருக்கு வேற ஊத்தி வெக்கிறேன். எரியலன்னா உங்க பையில உள்ளத நானே எடுத்து வெக்கிறேன்.”

படைக்கும் முன்னே குடிக்கக்கூடாது என்று அவர் முறை பேசினார். சொம்பில் தனியாக இருக்கிறது, அது எச்சில் ஆகாது என்று அக்கா ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். அவர் நின்றபடியே வாங்கி, வேண்டாவெறுப்பாக ஒரு வாய் விழுங்கினார். இருமல் வந்தது. கண்ணில் நீர் கட்டியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். மீதியையும் குடித்தார்.

“சின்னப் பிள்ளையில பச்ச மொளகாயக் கடிச்சுட்டு ஓடுவான்,” என்றார். “அப்பா தொரத்துவாரு.” பிறகு, “படம் எங்க? படம் இல்லாம யாருக்குப் படைக்கிறது?” என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து கைலி மூட்டையை இறக்கினேன். தூசி பறந்தது. அக்காவே முடிச்சை அவிழ்த்தார். மாமா அதே ஓட்டுநர் சட்டையில், ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தலைப்பால் துடைத்துவிட்டு என்னிடம் கொடுத்தார். ஆணியில் மாட்டினேன். இடப்பக்கம் இறங்கியிருக்கிறது என்றார் ஜாசின்காரர். இல்லை, வலப்பக்கம் என்றார் அக்கா. இருவரும் கொஞ்ச நேரம் அதற்காகச் சண்டை போட்டார்கள். நான் இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் இருந்த இடத்திலேயே விட்டேன்.

சூடம் காட்டினோம். அக்கா இலை முன்னால் குனிந்து தம்ளரைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்தார். பிறகு தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற குரலில், “என்ன, எரியுதா?” என்றார்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது ஜாசின்காரரின் கைப்பை இன்னும் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போகும்போது அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் கொடியில் எப்போதும் தொங்கும் சட்டையைத் தேடினேன். இல்லை. உள்ளே மடித்து வைத்தாகிவிட்டது என்றார் அக்கா. பாயின் சொம்பைக் கழுவித் துணிப்பையில் போட்டுக் கொடுத்து, அடுத்த மாதம் என்ன படம் என்று அவரிடம் கேட்டு வைக்கச் சொன்னார்.